கப்பலில் 11 நாள், காகிதத்தில் 117 நாள்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஆண்டு விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் ஓர் இளைஞர். லண்டனில் மூன்று வருடமாக வேலையாம். அடுத்த ஆண்டு ஒரேயடியாக மும்பைக்குத் திரும்பி வரப் போகிறாராம். ரசத்துக்கு இடம் பண்ணிக்கொண்டே கேட்டார்: "அங்கிள், அங்கே நான் வைத்திருக்கிற காரை இங்கே கொண்டுவர எத்தனை நாள் ஆகும்? கப்பலில் ஒரு மாதம் என்று சொல்கிறார்கள்."

"கப்பலைப் பற்றி அப்புறம் கேளுங்கள் தம்பி, முதலில் காகிதத்தைப் பற்றிக் கேளுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதே கேள்வியை என் தம்பி என்னிடம் கேட்டபோது, நான் சொன்ன பதிலால் எங்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்பது மோர் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம்மிடையே ஏராளம். யாருக்காவது பயன்படும்.

முப்பது நாள் சார்ட்

என் தம்பி ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தான். 2010இல் அங்கே 1600 சிசி ஜப்பான் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினான். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. அப்பா கடைசி வரை சைக்கிளில் போனவர். எனக்கு ரயில்வே பாஸ் இருந்தது, கார் எதற்கு?

அம்மா என்னோடு டோம்பிவிலியில் இருந்தார். 2011இல் முழங்கால் மிகவும் மோசமாகி, மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு ஆகிவிட்டது. டாக்டரிடம் போக ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். தம்பி ஊர் திரும்ப முடிவு செய்தான். "காரையும் கொண்டு வந்துடறேன் அண்ணா. அம்மாவை அதில்தான் கூட்டிக்கொண்டு போகணும்" என்றான்.

அவன் கணக்கிலும் ஒரு நியாயம் இருந்தது. சிங்கப்பூரில் காரின் விலை தவிர, அதைப் பத்தாண்டு சாலையில் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த முறை இது. சில சமயம் காரின் விலையைவிடச் சான்றிதழின் விலை அதிகம். பத்தாண்டு முடியுமுன் பதிவை ரத்து செய்தால், மீதமுள்ள காலத்துக்கு உரிய பங்கு திரும்பக் கிடைக்கும். அந்தப் பணத்தில் இங்கே சுங்க வரியைக் கட்டிவிடலாம். கையிலிருக்கும் சேமிப்பை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். டோம்பிவிலியிலேயே ஒரு கட்டடத்தில், லிஃப்ட் வசதியுள்ள வீட்டுக்கு அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த தவணை ஏப்ரல் முதல் வாரம்.

"எத்தனை நாள் ஆகும் அண்ணா?" என்று கேட்டான்.

நான் லோகோ ஷெட்டில் சூபர்வைசர். இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் பார் சார்ட் போட்டே பழகிய கை. ஒரு கிராஃப் தாளை எடுத்தேன். சிங்கப்பூர் வேலைகளுக்கு 7 நாள், கப்பலுக்கு 12 நாள், சுங்கத்துக்கு 5 நாள், ஆர்.டி.ஓ.வுக்கு 6 நாள். ஆக 30 நாள். "ஒரு மாதம் வைத்துக்கொள்" என்று போனில் சொன்னேன். அவன் அதை அம்மாவிடம் சொன்னான். அம்மா அதைக் கட்டடம் முழுவதும் சொல்லிவிட்டார்.

ஆன கணக்கு

வேலை 2012 ஜனவரி 9ஆம் தேதி தொடங்கியது. கார் எங்கள் வாசலுக்கு வந்தது மே 15ஆம் தேதி. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்தால் 128 நாள். அது எப்படிப் போயிற்று என்பதை டைரியிலிருந்து தருகிறேன்.

சிங்கப்பூரில் கார் கடனை அடைத்து, கம்பெனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி, பதிவை ரத்து செய்து, பரிசோதனைச் சான்று பெற்றுக் கப்பலில் இடம் பிடிக்க 34 நாள்.
பெட்டகத்தில் ஏற்றிய பின் கப்பலுக்குக் காத்திருந்தது 9 நாள்.
கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறியது உட்படக் கடலில் 11 நாள்.
மும்பையில் இறங்கிய பின் பெயர் தகராறு 41 நாள்.
மதிப்பீடும் வரியும் 16 நாள்.
பரிசோதனை முடிந்து வெளியே வர 4 நாள்.
ஆர்.டி.ஓ. பதிவு 13 நாள்.

கடலில் இருந்தது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இதில் எனக்குத்தான் வெட்கம் அதிகம். கூட்ஸ் வேகன் ஒன்று ஒரு முறை லோடு ஏற்றி, இறக்கி, அடுத்த லோடுக்குத் தயாராவதை ரயில்வேயில் 'டர்ன் ரவுண்ட்' என்போம். அந்த நாட்களில் வேகன் ஓடுகிற நேரம் கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் யார்டிலும் சைடிங்கிலும் நிற்கும். ரயிலின் வேகத்தைக் கூட்டினால் மட்டும் சரக்கு சீக்கிரம் சேர்ந்துவிடாது, நிற்கிற நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று புதிதாக வந்த பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். என் தம்பி காருக்குச் சார்ட் போட்டபோது ஓடுகிற நேரத்தை மட்டும் கணக்கெடுத்தேன்.

அப்பா பெயரில் வந்த கார்

அந்த 41 நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற விஷயம் அது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். தம்பியும் அப்படித்தான் எழுதியிருந்தான். சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தருகிற 'பில் ஆஃப் லேடிங்' என்ற பத்திரத்தைத் தயாரித்த ஏஜென்ட், சர்நேம்தான் ஆளின் பெயர் என்று எண்ணி அதை மட்டும் எழுதிவிட்டார். பெறுபவர் கட்டத்தில் எங்கள் அப்பா பெயர்.

தப்பு அவருடையது மட்டும் அல்ல. கப்பல் புறப்படுமுன் அந்தப் பத்திரத்தின் நகலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். தம்பி அதை எனக்கு அனுப்பினான், "அண்ணா, நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்" என்று. நான் சேசிஸ் நம்பரின் பதினேழு எழுத்தையும் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். இன்ஜின் நம்பர், எடை எல்லாம் பார்த்தேன். பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் பார்த்தபோது மனதில் எந்த மணியும் அடிக்கவில்லை. நம் வீட்டுப் பெயர்தானே! 'சரி' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2ஆம் தேதி கார் இறங்கியது. அப்பா இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கப்பல் கொண்டுவந்த சரக்குகளுக்கெல்லாம் சுங்கத்தில் ஒரு பட்டியல் தாக்கலாகும். அதை 'மேனிஃபெஸ்ட்' என்கிறார்கள். அதில் உள்ள பெயரும், நாம் தாக்கல் செய்யும் 'பில் ஆஃப் என்ட்ரி'யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "இறந்தவருக்கு வந்த கார் என்றால் வாரிசு விவகாரம். உங்கள் தம்பிக்கு வந்தது என்றால் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

சிங்கப்பூரில் திருத்திய பத்திரம் வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏற்றி வந்த இரண்டாவது கப்பல்காரர்களும் திருத்த வேண்டும். அதன் பிறகு மேனிஃபெஸ்டைத் திருத்த மனு. கூடவே முத்திரைத் தாளில் உறுதிமொழி, பாஸ்போர்ட் நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். பெட்டியின் அடியில் இருந்து அந்தச் சான்றிதழை எடுக்கும்போது அம்மா பார்த்துவிட்டார்.

"எதுக்குடா இது இப்போ?"

"கார் அப்பா பேர்ல வந்திருக்கும்மா. அதான் தகராறு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பேர்லயா வந்திருக்கு? அதுல என்னடா தகராறு? காலம் பூரா சைக்கிள்ல போன மனுஷன்" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம். அங்கே தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான்; எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

இரண்டு மீட்டர், ஒரு பட்ஜெட்

துறைமுகத்தில் பெட்டகம் நின்றால் இரண்டு மீட்டர் ஓடும். இட வாடகைக்கு ஒன்று. பெட்டகத்தைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி கேட்பது ஒன்று. முதல் சில நாள் இலவசம். அதற்குப் பிறகு நாளாக ஆக விகிதமும் ஏறும். தவறு யாருடையது என்று மீட்டர் கேட்காது.

இதற்கு நடுவில் மார்ச் 16ஆம் தேதி மத்திய பட்ஜெட் வந்தது. பெரிய கார்களுக்கான கலால் வரி உயர்ந்தது. இறக்குமதியாகும் காருக்கு அடிப்படைச் சுங்க வரியோடு, அந்தக் கலால் வரிக்குச் சமமான கூடுதல் வரியும் அப்போது உண்டு. கார் மார்ச் 2ஆம் தேதியே வந்துவிட்டதே, பழைய விகிதம்தானே என்று வாதாடிப் பார்த்தேன். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 15ஆவது பிரிவைக் காட்டினார்கள். பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் நாளில் என்ன விகிதமோ அதுதான். சரக்கு முன்பே வந்து காத்திருந்ததாலேயே பழைய விகிதம் கிடைத்துவிடாது. பெயர் திருந்தி நாங்கள் தாக்கல் செய்தபோது ஏப்ரல் மாதம் பாதி ஆகிவிட்டது.

மதிப்பீட்டிலும் ஒரு பாடம் கற்றோம். நாம் என்ன விலை கொடுத்தோம் என்பது ஒரு தகவல் மட்டுமே. தயாரிப்பாளரின் விலைப்பட்டியலை எடுத்துத் தேய்மானம் கழிப்பார்கள். முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவிகிதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5, அதன் பின் 2. மொத்தக் கழிவு 70 சதவிகிதத்தைத் தாண்டாது. இரண்டு ஆண்டு ஓடிய காருக்கு 28 சதவிகிதம்தான் கழியும். அதோடு கப்பல் கட்டணத்தையும் இன்ஷூரன்சையும் கூட்டி அதன்மேல் வரி. பழைய காருக்கு அப்போது அடிப்படைச் சுங்க வரி மட்டுமே 100 சதவிகிதம். 2013 பட்ஜெட்டில் அதை 125 ஆக்கினார்கள்.

தாமதத்தால் மட்டும் தம்பிக்கு ஆன கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லட்சம். அது வீட்டுத் தவணைக்கு வைத்திருந்த பணம். ஏப்ரல் தவணை தவறியது. லிஃப்ட் உள்ள அந்த வீடு வேறு ஒருவருக்குப் போனது. அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீடு கைநழுவியது கைநழுவியதுதான். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், அதே மாதிரிக் காரை இங்கேயே ஷோரூமில் புதிதாக வாங்கியிருக்கலாம்.

தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு மாதம் என்னோடு பேசவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அண்ணாவுக்கு டிபன் ஆச்சான்னு கேளுங்க அண்ணி" என்று என் மனைவி மூலம் விசாரிப்பான். நான் போட்ட கிராஃப் தாள் ஹாலில் காலண்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இன்று கொண்டுவர நினைப்பவர்களுக்கு

விதிகள் அடிக்கடி மாறும். பணம் கட்டுமுன் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இறக்குமதிக் கொள்கையில் 87ஆம் அத்தியாயத்தை ஒரு முறை படித்துவிட வேண்டும். இருந்தாலும் சில அடிப்படைகளைச் சொல்லலாம்.

இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர், குறைந்தது ஓர் ஆண்டாவது தன்னிடம் இருந்த காரை முழு வரி கட்டிக் கொண்டுவரலாம். தம்பி வந்தது இந்த வழியில்தான். இரண்டு ஆண்டுக்கு விற்கக் கூடாது என்று குறிப்பும் போட்டுத்தான் தருவார்கள்.

பொதுவாகப் பழைய கார் என்றால், தயாரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். ஏற்றுமுன் அங்கே தகுதிச் சான்று. இறங்கிய பின் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் சோதனை. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட்டின் ஒளி, இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்ற வகையில் விழ வேண்டும்.

இதில் வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, துபாய், மஸ்கட், குவைத் கார்களுக்கெல்லாம் ஸ்டீயரிங் இடப்பக்கம். மும்பையிலிருந்து அதிகத் தூரம் இல்லாத துறைமுகங்கள் அவை. கப்பல் சில நாளில் வந்துவிடும். ஆனால் வந்து பயன் இல்லை. பந்தியில் கேட்ட லண்டன் தம்பிக்கு ஸ்டீயரிங் சரியாக இருக்கும். அங்கே வேகம் மைல் கணக்கில் என்பதால் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகை விதியும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 வந்துவிட்டது. வரியிலும் 2017 ஜூலைக்குப் பிறகு பழைய கூடுதல் வரியின் இடத்தில் ஜி.எஸ்.டி. வந்தது. பெயர்கள் மாறினாலும், பழைய காருக்கு அதன் மதிப்பைவிட வரி அதிகம் என்ற நிலை மாறவில்லை. 1985இல் ஆஸ்திரேலியாவில் ரவி சாஸ்திரி வென்ற ஆடி காருக்கு அரசு வரி விலக்குத் தந்தது. அது பம்பாயில் கப்பலில் வந்து இறங்கியதை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது.

கடல் நேரமும் நம் கையில் இல்லை. ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியாக மூன்று, நான்கு வாரம் என்பார்கள். 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் கால்வாயையே அடைத்துவிட்டது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல் ஆயிற்று. 2022இல் அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 4,000 கார்களோடு ஒரு கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. இன்ஷூரன்சை மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

காரை நிரந்தரமாகக் கொண்டுவரும் எண்ணம் இல்லை, சில மாதம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோவேன் என்பவர்களுக்கு 'கார்னே' என்ற உத்தரவாதப் பத்திரம் உண்டு. வெளிநாட்டு ஆட்டோமொபைல் சங்கம் தருவது. வரி இல்லை, ஆனால் குறித்த காலத்தில் கார் நாட்டைவிட்டு வெளியே போயாக வேண்டும்.

ஆகவே எத்தனை நாள் ஆகும்? கப்பல் ஏறுமுன் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நான்கு என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட், கார் பதிவு, இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் நான்கையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் எங்கே, அப்பா பெயர் எங்கே என்று பாருங்கள். அந்த வேலையை வீட்டுக்காரர் ஒருவரிடம் மட்டும் விடாதீர்கள். அப்பா பெயரைப் பார்த்தால் நமக்குத் தப்பாகவே தோன்றாது. பட்ஜெட் சமயத்தில் கார் துறைமுகத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில், அதே கார் இங்கே என்ன விலை என்று கேளுங்கள்.

மே 15

ஆர்.டி.ஓ.வில் சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அன்றுதான் தம்பி என்னிடம் நேராகப் பேசினான். "அண்ணா, பென்சில் இருக்கா?" என்றான். ஷெட்காரன் சட்டைப் பையில் பென்சில் இல்லாமல் இருக்குமா! கொடுத்தேன். அவ்வளவுதான் சமாதானம்.

சாயந்திரம் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. கல்யாண் வரை போய்த் திரும்பினோம். நல்ல டிராஃபிக். அம்மா டாஷ்போர்டை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "இப்போ யார் பேர்ல இருக்கு?" என்றார்.

"என் பேர்லதாம்மா. எல்லாம் மாத்தியாச்சு" என்றான் தம்பி பெருமையாக.

"ஏண்டா மாத்தினீங்க?" என்றார் அம்மா.

2016இல் அம்மா காலமாகும் வரை டாக்டரிடம் போனதெல்லாம் அந்தக் காரில்தான். தம்பி இப்போது டோம்பிவிலியிலேயே வேறு வீட்டில் இருக்கிறான். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. கார் இன்னும் ஓடுகிறது. யாராவது அவனிடம் வெளிநாட்டுக் காரைப் பற்றிக் கேட்டால், "அண்ணாவைக் கேளுங்கள், சார்ட் போட்டுத் தருவார்" என்று சொல்லிச் சிரிக்கிறான். நான் போட்டுத் தருகிறேன். இப்போதெல்லாம் முதல் கோட்டில் கப்பலை வரைவதில்லை. பெயரை எழுதச் சொல்கிறேன்.